பனியில் நிற்பதாக நினைத்த அடுப்பு

அலுவலகத்தில் அவளுக்குக் கஞ்சம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் பட்டம் வாங்கியவள் மாதிரி திரும்பிப் பார்ப்பாள். காசில் கஞ்சம் இல்லை. டீ வாங்கிக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இடத்தில்தான் கஞ்சம், அதுவும் சிப்புக்குள் இருக்கிற இடத்தில்.

அவள் வேலை கம்பைலர் எழுதுவது. மனிதர்கள் எழுதும் ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் இன்னொரு ப்ரோக்ராம் அது. மனிதர்கள் சூடு, எடை, நேரம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சிப்புக்கு அந்த நாசூக்கெல்லாம் ஏது? போட்ட சுவிட்சு, போடாத சுவிட்சு, அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். சூட்டுக்கு எத்தனை சுவிட்சு ஒதுக்குவது, அதை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் கம்பைலர் தலையில் வந்து விடியும். எட்டு சுவிட்சில் முடிகிற காரியத்துக்கு யாராவது பதினாறு கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் இதே கதைதான். சின்னக் கிண்ணத்தில் அடங்குகிற மிச்சக் குழம்பைக் கணவர் பெரிய பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் ஏற்றினால், அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்.

வம்பு அந்த எட்டு சுவிட்சில்தான் வந்தது. எட்டையும் போட்டும் அணைத்தும் இருநூற்று ஐம்பத்தாறு விதமாக வைக்கலாம். சைபரில் தொடங்கி இருநூற்று ஐம்பத்தைந்து வரை என்று அதைப் படிக்கலாம். இல்லையென்றால் பாதியைச் சைபருக்குக் கீழே தள்ளி, மைனஸ் நூற்று இருபத்தெட்டு முதல் நூற்று இருபத்தேழு வரை என்றும் படிக்கலாம். சுவிட்சுகள் அதேதான், படிக்கிற விதம்தான் வேறு. ப்ரோக்ராம் எழுதுகிறவர் எந்த விதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. சொல்லாவிட்டால் கம்பைலர் எழுதுகிறவர் இஷ்டம் என்று ப்ரோக்ராம் மொழிக்கு விதி எழுதிய மகராசர்களும் கைகழுவிவிட்டார்கள்.

பழைய சிப்பில் சைபருக்குக் கீழே என்ற பேச்சே இருந்ததில்லை. இப்போது அவள் கம்பைலர் எழுதுகிற புது சிப்பில் இரண்டு விதமும் ஒரே வேகம். எதை வைப்பது என்று குழம்பிக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் சாப்பிடும்போது கணவரைக் கேட்டாள்.

"ஏங்க, சூடுங்கறது சைபருக்குக் கீழ போகுமா?"

அவருக்கு ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை. "இதென்ன கேள்வி? தினம் நான் வேலை பாக்கறதே மைனஸ் இருபதுலதானே," என்றார், அப்பளத்தை நொறுக்கியபடி.

தீர்ந்தது வழக்கு. சொல்லாதவர்களுக்கெல்லாம் மைனஸ் உண்டு என்று மறுநாளே எழுதி முடித்தாள். உலகத்தில் சூட்டைப் பற்றிக் கேட்க வேறு ஆளா இல்லை என்று நமக்குத் தோன்றலாம். அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், அதை உதறிவிட்டு ரொட்டிக் கடை போட்டான். சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவன் கண்டுகொள்ளாமல் புது மாடல் அடுப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினான். "எங்க அக்காவோட கம்பைலர்லதான் இந்த அடுப்பே ஓடுது," என்று வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொண்டான். அந்த வெள்ளை மனசுக்காரனுக்குத்தான் அடி விழுந்தது.

கடை திறந்த அன்றே ரொட்டி கரியாய் வந்தது. மறுநாளும் கரி, அதற்கு மறுநாளும் கரி. மெக்கானிக் வந்தார், சூட்டை அளக்கிற சென்சாரை மாற்றினார். "அடுப்புல ஒரு குத்தமும் இல்ல சார், கைப்பக்குவம் வரணும்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வீட்டில் ஊரே பாராட்ட ரொட்டி சுட்டவனுக்கு அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. பழைய மேனேஜர் வேறு நல்ல மனுஷர். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, நாளை மத்தியானத்துக்குள் ஒரு பதில் சொல் என்றார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா கடைக்குப் போனாள். தம்பி ஸ்டூல் மேல் ஏறிப் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"விடுக்கா. எனக்குக் கை வராது. மத்தியானம் மேனேஜருக்கு வரேன்னு சொல்லிடப் போறேன்."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. இவன் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் உள்ளுக்குள் செத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"வெக்கறது எல்லாமே கருகுதா?" என்றாள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு.

"வெளியில வாங்கின ரொட்டியை வெட்டிப் போட்ட ரஸ்க் மட்டும் தங்கமா வருது. அதுக்கு நூத்திப் பத்து. ரொட்டிக்கு இருநூறு வெச்சா கரி."

நூற்றுப் பத்துக்கும் இருநூறுக்கும் நடுவில்தான் நூற்று இருபத்தேழு இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அடுப்பை நூற்று இருபதில் வைத்தாள். சூடு ஏறியது, நூற்று இருபதை எட்டியதும் சிவப்பு விளக்கு சமர்த்தாக அணைந்தது. நூற்று முப்பதில் வைத்தாள். இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். விளக்கு அணையவில்லை. அடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவளே எழுந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"டேய், உன் கை இல்லடா. நான்தான்."

அவள் விளக்கினாள். சென்சார் நூற்று முப்பது என்று ஒழுங்காகவே சொல்கிறது. கணக்குப் பார்க்க அந்த எட்டு சுவிட்சுப் பெட்டியைப் பெரிய பெட்டிக்கு மாற்றும்போது, மிச்ச இடத்தைச் சைபரால் நிரப்பாமல், மைனஸா இல்லையா என்று காட்டுகிற முதல் சுவிட்சையே நகலெடுத்து நிரப்பச் சொன்னது அவள் கம்பைலர். உடனே நூற்று முப்பது, மைனஸ் நூற்று இருபத்தாறு ஆகிவிடுகிறது. நீ கேட்ட சூடு மட்டும் முதலிலிருந்தே பெரிய பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அடுப்புக் கம்பெனியின் சோதனைக்காரர் ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்து, நூறோடு திருப்திப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"அப்போ இது பனிக்குள்ள நிக்கறதா நெனச்சுக்கிட்டா எரிஞ்சுது?"

"ஆமாடா."

"சூட்டுக்கு மைனஸ் உண்டுன்னு யாரைக் கேட்டு வெச்ச?"

அவள் தலை குனிந்தாள். "உங்க மாமாவைத்தான்."

அவன் வாய் பிளந்தபடி நின்றான். "ஏன்க்கா, ஐஸ்கிரீம்காரரைக் கேட்டா என் அடுப்பை ஓட்டின!"

அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் மாவு மூட்டை மேல் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இத்தனை நாளா என் கையைத் திட்டிட்டு இருந்தேன்க்கா," என்றான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்புக் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதியவரைப் போனில் பிடித்தாள். அவரும் பதறிப்போய் ப்ரோக்ராமை அனுப்பினார். இங்கே சைபருக்குக் கீழே வேலை இல்லை என்று தன் கம்பைலரிடம் சொல்லி மறுபடி ஓட்டி, லேப்டாப்பிலிருந்து கேபிள் போட்டு அடுப்பில் ஏற்றினாள். "இனிமே யாராச்சும் சொல்லாம விட்டா என் கம்பைலர் நின்னு கேக்கும்," என்றாள்.

"மாமாவைக் கேக்காம இருந்தா சரி," என்றான் தம்பி, மாவைத் தட்டியபடி.

இருநூறில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. கடை முழுக்க வாசனை எழுந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன் வந்தது. தம்பி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றியபடி அடுப்பைப் பார்த்து நகர்ந்தான்.

"வணக்கம் சார். இல்ல சார், வரல. அப்புறம் பேசறேன் சார், ரொட்டி கருகிடும்."