மை அழிந்த கால்

எழுபதுகளின் பிற்பகுதியில் சவூதியின் தம்மாமில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தேன். சென்னையில் தங்கப் பதக்கம் வாங்கியவன் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். ஜுபைல் கேம்ப்பிலிருந்து ஒரு வெல்டர் வந்தார், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நின்று நின்று வலது கெண்டைக்காலில் சிரைகள் மண்புழு போலச் சுருண்டு புடைத்திருந்தன. கம்பெனி ஒரு மாதம் லீவு கொடுத்திருந்தது. அதற்குள் காலைச் சரி செய்துகொண்டு டியூட்டிக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கலாஸ், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று 'நீ' என்றுதான் பேசினேன்.

கெண்டைக்காலின் பின்புறம் மேலேறும் சிரை முழங்கால் மடிப்பருகே உள்ளே இறங்கி, காலின் பெரிய சிரையோடு சேரும். சேரும் இடத்தில் அதைக் கட்டி வெட்ட வேண்டும். புத்தகப் படத்தில் அந்த இடம் ஒன்றுதான். ஆட்களிடம் அப்படியில்லை. சிலருக்கு மடிப்பிலேயே சேரும், சிலருக்கு ஒரு சாண் மேலே போய்ச் சேரும், சிலருக்கு அங்கே சேராமல் தொடைக்கே போய்விடும். படுக்க வைத்தால் சிரை வற்றி மறைந்துவிடும். தோலுக்குள் பார்க்கும் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. அதனால் முதல் நாள் மாலையே ஆளை நிற்க வைத்து, புடைப்பை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பேனாவால் கோடு இழுப்போம். அவருக்கும் இழுத்தேன். காலிலேயே இருக்கிறதே என்று தாளில் எதையும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் காலை ஈரத் தலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தார். காலில் கோட்டைக் காணோம்.

"கத்தி வைக்கிற காரியம்ல ஐயா, தலைக்குக் குளிச்சுச் சாமி கும்பிட்டு வந்தேன். நேத்தே பாத்து முடிச்சுட்டீகளேன்னு மையையும் நல்லாத் தேச்சுக் கழுவிப்புட்டேன்" என்றார், பெருமையாக.

நர்ஸுகள் முன்னால் அவரைத் திட்டிக் கிழித்தேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மயக்க மருந்து கொடுப்பவர் ஊசியோடு நின்று "யல்லா டாக்டர்" என்று அவசரப்படுத்தினார். மறுபடி நிற்க வைத்துக் கோடு போடப் பத்து நிமிடம் போதும். கோடு மடிப்பைத் தாண்டி மேலே போன ஞாபகமும் எனக்கு இருந்தது. விரல் தவறியிருக்கும் என்று அதை ஒதுக்கினேன். பதக்கம் வாங்கியவனுக்குக் கோடு எதற்கு?

குப்புறப் படுக்க வைத்து மடிப்பில் கீறினேன். படத்தில் இருக்கும் இடத்தில் ஒரு சிரை கிடைத்தது. கட்டினேன், வெட்டினேன். அடுத்த கேஸைக் கொண்டுவரச் சொன்னேன்.

மறுநாள் நிற்க வைத்தபோது புழுக்கள் அத்தனையும் அப்படியே புடைத்து நின்றன. அவற்றை நான் தொடவே இல்லை. நான் வெட்டியது பெரிய சிரையை. சாயங்காலத்துக்குள் கால் நீலம் பாரித்துத் தூணாக வீங்கியது. எவ்வளவோ மருந்து கொடுத்தும் வீக்கம் முழுதாக வடியவில்லை. மாதம் முடிந்தது. வேலைக்குத் தகுதியில்லை என்ற காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

புறப்படும் அன்று செருப்பு நுழையாத காலோடு என் அறைக்கு வந்தார்.

"நான் குளிச்சதுனாலதானய்யா இப்படி ஆச்சு?"

"ஆமா" என்றேன். அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. "மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து அதே கேம்ப்பிலிருந்து இன்னொரு வெல்டர் இதே நோயோடு வந்து சேர்ந்தான். வெயிலில் வேலை செய்த உடம்பு, நாலு நாள் குளிக்காத நாற்றம். நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குளித்தால் என்ன என்று அதட்டினேன்.

"குளிச்சா கால் போயிரும்னு அண்ணன் சொல்லிட்டுப் போச்சுங்கய்யா. டாக்டரு தங்கமானவரு, தப்பு என்மேலதான்னு கேம்ப்புல ஒருத்தர் விடாமச் சொல்லுச்சு."

நான் பேனாவை எடுத்து அவனை நிற்கச் சொன்னேன்.