மலைக்குப் போன கறி

முகாம் சமையல்காரனைச் சிப்பாய்கள் 'கரண்டி' என்று கூப்பிடுவார்கள். அவனுக்குப் பாத்திரம் கழுவித் தருகிற தங்கச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அதற்கும் அவள் பதில் பேசியதில்லை. புருஷன் விட்டுப் போனதிலிருந்து அண்ணன்தான் கதி. முகாம் இடம் மாறும்போதெல்லாம் அவனோடு அவளும் மூட்டை கட்டினாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டார்கள். கூடாரமெங்கும் வாந்தியும் பேதியும். கக்கூஸ் வாசலில் நிற்கத் தெம்பில்லாமல் ஆட்கள் மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். டாக்டர் தண்ணீர் லாரியைச் சந்தேகப்பட்டார். மலைக்காவலுக்குப் போனவர்களுக்கும், தண்ணீரைக் கொட்டிவிடும்படி வயர்லெஸ்ஸில் செய்தி போனது.

கரண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கச்சிக்கு வரவில்லை. ராத்திரி முழுக்க வெளியிலேயே கிடந்த நேற்றைய கறியைக் கொட்ட மனமில்லாமல், அண்ணன் அதை இன்றைய அண்டாவில் கலந்ததை அவள் பார்த்திருந்தாள். மலையிலிருப்பவர்களின் ராச்சாப்பாட்டுக்குத் தூக்குவாளிகளில் போனதும் அதே கறிதான். இருட்டுவதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியைத் தின்பார்கள்.

ஈரக் கையோடு போய் அண்ணன் காதில் சொன்னாள். அவன் அடுப்பையே பார்த்தான்.

"இத்தன வருஷம் பேசாதவ, இன்னிக்குத்தான் பேசணுமா?"

"மேல வைத்தியம் பாக்க ஆளில்லண்ணே."

"வேல போச்சுன்னா, அப்புறம் தட்டக் கழுவ மாட்ட. ஏந்துவ."

அவள் டாக்டரின் கூடாரத்துக்கு நடந்தாள். ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தண்ணி இல்லய்யா, கறி. நேத்துக் கறி கலந்தது. மலைக்கும் அதான் போயிருக்கு."

வயர்லெஸ்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். வெறும் இரைச்சல்தான் வந்தது. ஒருவழியாகப் பதில் கிடைத்தது. பாதிப் பேர் சாப்பிட்டாயிற்றாம். மற்றவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவர்களை இறக்கிவர ஜீப் புறப்பட்டபோது, காய்ச்சி ஆறிய தண்ணீர்க் கேன்களோடு அண்ணன் வந்தான். கறியைக் கலந்தது தான்தான் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டான். தங்கச்சி பக்கம் திரும்பவில்லை.

மலைப்பாதையில் ஜீப்பின் விளக்கு மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்ட பாதிப் பேர் யார் யாரென்று வயர்லெஸ்காரனுக்கும் தெரியவில்லை.