ஐம்பத்தைந்து நிமிடக் கணக்கு

எங்கள் ஃபேக்டரி லைனில் எந்த வேலைக்கு எத்தனை விநாடி என்று அளந்து எழுதுவது நான்தான். ஸ்டாப்வாட்சோடு பின்னால் போய் நின்றால் புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவசர அவசரமாக வேலையை ஓட்டுவார்கள். எனக்கு உதவிக்கு வருகிறவர்கள் மெஷின் ஓடுகிற நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, பாகத்தை ஏற்றி இறக்கும் நேரத்தை விட்டுவிட்டால் பிடிபிடியென்று பிடித்துவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட நான் போட்ட கணக்கு இது.

பெங்களூரில் என் தங்கை மகளுக்கு ஞானஸ்நானம். ஞாயிறு பதினோரு மணிக்கு. நான்தான் ஞானத்தாய், குழந்தையை ஏந்தி நிற்க வேண்டியவள். எனக்குப் பிள்ளை இல்லையே என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தங்கை என்னைக் கேட்டாள். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடவே ஓர் ஆசை, முதல்முறையாக விமானத்தில் போகலாம் என்று. ஐம்பத்தைந்து நிமிடம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது.

"பெங்களூர் ரோடு நம்ம வூட்டாண்டயே போவுது. நீ இன்னாத்துக்கு மீனம்பாக்கம் பக்கம் ஓடற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ அஞ்சரை மணி நேரம் பஸ்ல குந்திகினு வா. நான் முன்னாடி போய் குழந்தையைக் குளிப்பாட்டி வெக்கறேன்."

ஞானஸ்நான மெழுகுவர்த்தியை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் அதை அவர் பையில் வைத்தேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் பென்னலூரில் அவர் மேற்கே பஸ் ஏறினார், நான் கிழக்கே டாக்ஸி ஏறினேன். குன்றத்தூர் வழியாக ஏர்போர்ட் சேரவே ஒரு மணி நேரம். வரிசை, சோதனை, மறுபடி வரிசை. அப்புறம் பெங்களூரில் பனிமூட்டமாம், விமானம் தாமதமாம். எட்டு மணிக்கு அவர் போன் செய்தார்.

"ஆம்பூர் தாண்டிட்டேன். நீ எங்க கீற?"

இன்னும் மீனம்பாக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இதோ ஏறப்போறேன்" என்று போனை வைத்தேன்.

பறந்தது என்னவோ ஐம்பத்தைந்து நிமிடம்தான். மேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்ததும் உண்மைதான். ஆனால் இறங்கிய இடம் ஊருக்கு வடகோடி, கோயிலோ தெற்கே ஓசூர் ரோட்டுப் பக்கம். டாக்ஸி ஊர்ந்தது. பதினோரு மணி ஆனபோது அழுதேவிட்டேன். ஏற்றி இறக்குகிற நேரத்தை விட்டுவிட்டேனே!

பதினொன்று இருபதுக்குக் கோயிலுக்குள் ஓடினேன். என் கணவர் மண்டியிட்டு பெஞ்சுக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"கோயில்லயே மெழுகுவர்த்தி இருக்கே, ஆரம்பிக்கலாமே" என்றார் ஃபாதர், கையைப் பிசைந்தபடி.

"இல்ல சாமி, அது வேளாங்கண்ணில வாங்கினது. இங்கதான் எங்கியோ வுட்டுட்டேன். ஒரே நிமிசம்."

"இருபது நிமிஷமா இதையேதான் சொல்றாரு மாமா" என்று தங்கை என் காதில் கிசுகிசுத்தாள்.

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த பைக்குள் கையை விட்டு மெழுகுவர்த்தியை எடுத்தார்.

"கெடச்சிடுச்சி சாமி!"

ஃபாதர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். குழந்தை என் கைக்கு வந்தது. தண்ணீர் பட்டதும் வீல் என்று கத்தி என் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது இருவரும் பஸ்ஸில்தான் வந்தோம். அவர் கேலி செய்யவே இல்லை. ஆம்பூர் வந்தபோது நானே கேட்டேன்.

"ஃபாதர் திட்டியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"திட்டிக்கினு போறாரு. நீ வராம அந்தக் குழந்தைய யார் கைல குடுக்கறது?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவர் பேண்ட் முட்டியில் கோயில் தூசி அப்படியே இருந்தது.