பறக்கிற துரை செத்தாரா, இல்லையா

“பாஷை படிச்சு யாரு வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு, புள்ள?” என்று கேட்டார் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தியைச் சொல்ல அப்பா என்னை அவரிடம் அழைத்துப் போயிருந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆங்கிலத்தை மாத்தளைப் பள்ளிக்கூடத்திலும் சிங்களத்தை இரத்தோட்டை பஸ்ஸிலும் கற்றுக்கொண்டவள். இரண்டில் பஸ்ஸில் கற்றதுதான் கெட்டியாக நின்றது.

ஆனால் அந்தப் படிப்புக்குத் தோட்டத்தில் கிடைத்த முதல் வேலை, டீவிக்குப் பக்கத்தில் நின்று படம் சொல்வது.

போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் காலைப் பெரட்டு கிடையாது. அன்று பகல் என் அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும் வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்துவந்து பிள்ளைக் காம்பராவில் வைப்பார்கள். மற்ற நாட்களில் தொட்டில்கள் ஆடும் அந்த அறையில் மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு வீட்டு வரிசைச் சனமும் நெருக்கிக்கொண்டு உட்காரும். அப்படித்தான் ஓர் ஆங்கிலப் படத்தின் முதல் இரண்டு பாகங்களும் எங்களிடம் வந்தன. முகமூடி, முழங்கால் வரை சப்பாத்து, முதுகில் பறக்கும் நீளத்துணி, எந்த ஆபத்திலும் இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு வெள்ளைக்காரர். தோட்டத்து மேனேஜரான துரையைப் போலவே இருந்த அந்தச் சப்பாத்தையும் கையையும் பார்த்த உடனேயே எங்கள் ஆட்கள் அவருக்குப் ‘பறக்குற தொர’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“கூப்புட்டா வர்ற ஒரே தொர இவருதான்” என்று மேல் லயத்து அத்தை சொன்னார். அதற்குப் பிறகு அது படமாக இல்லை, பக்தியாகிவிட்டது. இரண்டாம் பாகத்தில் வில்லன் அவரைச் சங்கிலியால் கட்டியபோது ஒரு மாமா வெற்றிலைப் பையைத் தூக்கி டீவியில் அடித்தார். நான் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் மெருகும் போட்டேன். படத்தில் அவர் “ஓடு” என்றால், நான் “என் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடு” என்பேன். சனம் அழும். படம் எடுத்தவர்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் பாகம், கடைசிப் பாகம், ஒரு போயாவுக்கு வந்தது. அதில் பெரிய அணைக்கட்டு ஒன்று உடைகிறது. கீழே ஊர். பறக்கிற துரை உடைந்த சுவரை முதுகால் தாங்கி நிற்கிறார். ஊர்ச்சனம் எல்லாம் தப்பிப் போகிறது. கடைசியில் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறார். நான் அதை, “நான் ஒருவன் போனால் என்ன, நீங்கள் எல்லோரும் நானாவீர்கள்” என்று தமிழாக்கினேன். தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஒரு சப்பாத்து மட்டும் மேலே மிதக்கிறது. படம் முடிந்தது.

யாரும் எழும்பவில்லை.

“பொறகு?” என்றார் அத்தை.

“அவ்வளவுதான் அத்தே. செத்துட்டாரு.”

“என்னா புள்ள சொல்ற? சரியாப் பாத்துச் சொல்லு.”

கசெட்டைப் பின்னால் ஓட்டினார்கள். மறுபடியும் செத்தார். அடுத்த முறை என்னை மெதுவாகச் சொல்லச் சொன்னார்கள். மெதுவாகச் செத்தார். கீழ் லயத்துக்காரர் ஒருவர் எழும்பி, “பொணத்தக் காட்டுனானா? காட்டல. பொணத்தப் பாக்காம எப்புடி செத்துட்டாருன்னு சொல்றது? இந்தப் புள்ள பிழையாச் சொல்லுது” என்றார். அந்த நிமிடத்தோடு தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. கீழ் லயம் முழுக்க, துரை உயிரோடு இருக்கிறார். மேல் லயம் முழுக்க, துரை செத்துவிட்டார். மேல் லயத்துக்குத் தலைவர் என் அண்ணன்.

அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. அடுத்த நாள் காலை பெரட்டுக்களத்தில் தப்பு மேளம் முழங்கியது. எங்கள் தோட்டத்தில் அந்த அடிக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ தவறிவிட்டார்கள், இன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதில்லை. கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, விசயம் தெரியாத பெண்கள் எல்லோரும் எந்த வீட்டுக்கு ஓடுவது என்று கேட்டார்கள். சாவு வீடு என்று ஒன்று இல்லாததால் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினார்கள். அங்கே அத்தை ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்.

“றெக்க இல்லாமப் பறந்தவரே, எங்க ராசா, ஒத்தச் சப்பாத்த விட்டுட்டு ஒங்க காலு எங்க போச்சு…”

கணக்கப்பிள்ளை மூச்சு வாங்க ஓடிவந்தார். “யாருய்யா செத்தது?”

“பறக்குற தொரைங்க.”

“எந்தத் தோட்டத்துத் தொர?”

 கணக்கப்பிள்ளை பயந்துபோய், பக்கத்துத் தோட்டங்களின் துரைமார் எல்லோரும் சுகமாக இருக்கிறார்களா என்று ஒபீசிலிருந்து போன் போட்டு விசாரித்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கீழ் லயத்துக்காரர்கள் அன்று வேலைக்குப் போனார்கள், வேண்டுமென்றே பாட்டுப் பாடிக்கொண்டு.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி ஒட்ட வேண்டும் அல்லவா. அண்ணன் முகமூடி முகத்தை அட்டையில் வெட்டி, கறுப்பு மையால் தாள்களில் பதித்தார். கீழே எழுதினார்: ‘எங்கள் வீரனுக்குக் கண்ணீர் அஞ்சலி. மக்களுக்காக உயிர் தந்தாய். நீ போனாலும் நாங்கள் எல்லோரும் நீயாவோம்.’ கடைசி வரி என்னுடையது. நல்ல வரி. தோட்டத்தில் ஒட்டியது போக மிஞ்சியவற்றை டவுனுக்குக் கொண்டுபோய், ஆமியின் செக் பொயிண்ட்டுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஏன் அங்கே என்று பிறகு கேட்டதற்கு, “ஆமிக்காரங்களுந்தானே படம் பாக்குறாங்க. அவங்களுக்கும் கவல இருக்காதா?” என்றார்.

அந்த யுத்த வருடங்களில் முகமூடி போட்ட ஒருவனின் படத்தை, தமிழில் ‘வீரன்’, ‘உயிர்’, ‘நாங்கள் எல்லோரும் நீயாவோம்’ என்ற சொற்களோடு செக் பொயிண்ட் எதிரில் ஒட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்று நான் விளக்கத் தேவையில்லை. பசை காயும் முன்பே அண்ணனைப் பிடித்துவிட்டார்கள்.

செய்தி வந்ததும் நானும் அப்பாவும் டவுன் பொலிஸ் நிலையத்துக்குப் பஸ் பிடித்தோம். அன்று மாலைக்குள் விடாவிட்டால் கண்டிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாசலில் நின்ற பொலிஸ்காரர் சொன்னார். கண்டிக்குப் போனவர்கள் பிறகு எங்கே போவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போனேன்.

சார்ஜனுடைய மேசையில் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. எதிர்க்கடை முதலாளியைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பயத்தில் பாதியை விட்டுவிட்டு, மற்றப் பாதியை இரண்டு முறை வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணனுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கப் போதும், விசாரணைக்குப் போதாது. முகமூடிக்காரன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் என்றிருக்கிறார். எப்படி வருவான் என்றதற்கு, மேலிருந்து என்றிருக்கிறார். எத்தனை பேர் அவனுக்கு ஆதரவு என்று கேட்டதற்கு, மேல் லயம் முழுக்க என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“சேர், இது படம்” என்றேன் சிங்களத்தில். “பறக்கிற ஒருவரைப் பற்றிய ஆங்கிலப் படம். மூன்று பாகம்.”

சார்ஜன் நிமிர்ந்தார். “முழங்கால் வரை சப்பாத்துப் போட்டவரா?”

“ஓம் சேர்.”

“இரண்டாம் பாகத்தில் சங்கிலியில் கட்டுவார்களே?”

“அவரேதான். மூன்றாம் பாகத்தில் அணைக்கட்டை முதுகால் தாங்கிச் செத்துப்போகிறார். அதற்குத்தான் இந்த அஞ்சலி.”

சார்ஜன் முகம் சிவந்தது. பேனாவை மேசையில் போட்டார். “நங்கி,” என்றார், சிங்களத்தில் தங்கச்சி என்று பொருள், “நான் இன்னும் மூன்றாம் பாகம் பார்க்கவில்லை.”

அவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“கடைக்காரனிடம் சொல்லி வைத்து எத்தனை கிழமையாகக் காத்திருக்கிறேன் தெரியுமா? என் மகனும் நானும் ஒன்றாகப் பார்க்க இருந்தோம். உள்ளே வந்து நின்ற உடனேயே முடிவைச் சொல்லிவிட்டாயே!”

பின்னால் நின்ற கொஸ்தாப்பல் மெதுவாக, “சேர், உண்மையிலேயே செத்துவிட்டாரா?” என்று கேட்டார்.

“வாயை மூடு. அவர் சாக மாட்டார். இந்தப் பெண் பொய் வாக்குமூலம் தருகிறாள்.”

ஆக, தோட்டத்தில் இருந்த அதே வழக்கு இங்கேயும். சாட்சியாகக் கசெட்டைக் கொண்டுவரச் சொன்னார். கிரிக்கெட் பார்க்க அவர்களிடம் டீவி இருந்தது, டெக் இல்லை. அப்பா தோட்டத்துக்குத் திரும்பிப் போய், கடைக்கு இன்னும் திருப்பிக் கொடுக்காத கசெட்டையும் டெக்கையும் கம்பளியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். செக் பொயிண்ட்டில் அந்த மூட்டையைக் கண்டு, குண்டு என்று நினைத்து எல்லோரும் தரையில் படுத்துவிட்டார்களாம். அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தாராம், மரியாதைக்கு.

பொலிஸ் நிலையத்தில் படம் ஓடியது. இந்த முறை நான் சிங்களத்தில் சொன்னேன். மெருகு போடவில்லை, நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. லொக்கப் கூட்டுக்குள் இருந்த அண்ணன் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டே, “தங்கச்சி, அந்த எடத்துல நல்லா ஒண்ணு சொன்னியே, அத விட்டுட்ட!” என்று கத்தினார். அவரை அடக்கக் கொஸ்தாப்பலுக்கு மனம் வரவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

சப்பாத்து மிதந்தது. சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டு, “பிணத்தைக் காட்டவில்லையே” என்றார்.

கீழ் லயத்துக்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பார் என்று யார் நினைத்தது?

அவர் உற்சாகமாக எழுந்து நடந்தார். பிணம் இல்லை என்றால் சாவு இல்லை. சாவு இல்லை என்றால் இது அஞ்சலி இல்லை. அஞ்சலி இல்லை என்றால் வீரனும் இல்லை, குற்றமும் இல்லை. “ஆள் சாகவில்லை என்று உன் அண்ணன் ஒத்துக்கொள்ளட்டும். இப்போதே விடுகிறேன். கேள் நங்கி.”

நான் கூட்டருகே போய்க் கேட்டேன்.

“செத்தவர செத்துட்டாருன்னுதான் சொல்லுவேன்” என்றார் அண்ணன்.

“அண்ணே, மணி என்னான்னு பாருங்க. கண்டிக்கு ஏத்திடுவாங்க.”

“அவரு அத்தன சனத்தக் காப்பாத்துனாரு. நான் பயந்துகிட்டு அவர உசுரோட இருக்காருன்னு சொல்லவா? கீழ் லயத்துக்காரன் மூஞ்சியில எப்புடி முழிப்பேன்? அப்புடியே சொல்லு போ.”

வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலில் குந்தியிருந்தார். சார்ஜன் என் முகத்தையே பார்த்தார். அங்கே இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் நான்.

“அண்ணன் சொல்கிறார்,” என்றேன் சிங்களத்தில், தெளிவாக, “நீங்கள் சொன்ன பிறகுதான் யோசித்தாராம். பிணத்தைக் காட்டாதவரை அவர் வருவார் என்றுதான் நம்ப வேண்டுமாம்.”

சார்ஜனுடைய கண் கலங்கியது. அண்ணனைக் கூட்டுக்குள்ளிருந்து தானே கைபிடித்து வெளியே கொண்டுவந்து, தோளில் தட்டினார். அண்ணன் விறைப்பாக நின்றார். தன் உறுதியைக் கண்டு பொலிஸே பணிந்துவிட்டது என்று நினைத்தார். இன்றுவரை மேல் லயத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்ததில்லை.

கசெட்டை மகனுக்குக் காட்ட வேண்டும் என்று சார்ஜன் வைத்துக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். “நங்கி, இங்கே தமிழில் கேட்க ஆளில்லாமல் சனம் நாள்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வர முடியுமா?”

“வரலாம் சேர். ஆனால் நின்றுகொண்டு சொல்ல மாட்டேன். எனக்கு உட்கார ஒரு கதிரை போட வேண்டும்.”

அப்பா என் கையைக் கிள்ளினார். சார்ஜன் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. எதிரே நீளமான மர வாங்கில் ஓர் அம்மா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. மகனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வந்தவர், யார் வாயைத் திறந்தாலும் எழுந்து நின்றார். நான் உட்கார்ந்து, கதிரையை அவர் பக்கம் இழுத்துக்கொண்டு, “மெதுவாச் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றத ஒரு சொல்லும் மாத்தாம சொல்றேன்” என்றேன்.