பத்து மாத்திரை

என் மனைவி பில்மாவுக்கு சிம்பு என்ற எங்கள் மலைநாட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மூச்சு எண்ணுகிறவள். இருபத்தோரு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. சளியோடு வரும் குழந்தையை அம்மாவின் முதுகிலிருக்கும் நூல்பைக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவாள். கைக்குழந்தைக்கு ஐம்பதைத் தொட்டால் மாத்திரை. தொடாவிட்டால் தாய்ப்பால் மட்டும், கூடவே அம்மாவுக்கு நல்ல திட்டு.

திட்டு பெரும்பாலும் அடுப்புப் புகையைப் பற்றித்தான். வட்ட வீட்டின் நடுவே தீ, அதைச் சுற்றி எல்லோரும் படுக்கை, புகை போக வழி கிடையாது. பிள்ளையைக் கதவோரம் படுக்க வையுங்கள் என்று அவள் கத்துவாள். "கதவோரம் படுத்து குளிர்ல விறைக்கவா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அதே குழந்தை, அதே இருமல். அவள் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அவளுடைய ஆஸ்பத்திரி என்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைத் தகரக் கட்டடம். மருந்து அலமாரியின் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அந்த அலமாரி நிறைந்து நான் பார்த்ததே இல்லை. மருந்து கேட்டு நகரத்துக்கு அவள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் அந்த அலமாரி நிறையும்.

அந்தத் திங்கட்கிழமை என் தம்பி மனைவி மாரே, ஐந்து மாதக் குழந்தை அந்தோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பில்மா எண்ணினாள். ஐம்பத்தெட்டு. அலமாரியில் இருந்தது பத்தே மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஐந்து நாள், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மூன்று தடவை சொல்லி அந்தப் பத்தையும் கொடுத்தாள். மாரே மூன்று தடவையும் தலையாட்டினாள்.

செவ்வாய் மதியம் குழந்தை திரும்பி வந்தது. அறுபத்தாறு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டால், மாரே தரையைப் பார்த்தாள். அந்தோனுக்குக் கிடைத்தது இரண்டு. மற்ற எட்டும் பங்கு போயிருந்தன.

எங்கள் ஊரில் தனியாகத் தின்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஒரு மீன் டின்னைத் திறந்தால் பதினோரு கை நீளும், பதினோரு பேருக்கும் ஒரு விள்ளல் போகும். மழைக்காலத்தில் இருமல் இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? மாரே வீட்டுக்கு மருந்து வந்த செய்தி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவள் கொடுத்திருக்கிறாள்.

"கேட்டா எப்படிக்கா இல்லன்னு சொல்றது?"

"அடியே, அது என்ன கிழங்கா, பங்கு போட? பத்தும் உள்ள போனாத்தான்டி அது மருந்து. ஆளுக்கு ஒண்ணு தின்னா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. யார் யாருக்குடி குடுத்த?"

மாரே ஐந்து பேரைச் சொன்னாள். மீதி மூன்று? அவள் கண் ஒரு நொடி, வாசலில் நின்ற என் பக்கம் வந்து திரும்பியது. "ஞாபகம் இல்லக்கா" என்றாள். புருஷனின் அண்ணனை எங்கள் பெண்கள் பேர் சொல்லியும் கூப்பிட மாட்டார்கள், காட்டியும் கொடுக்க மாட்டார்கள்.

ஆம், அந்த மூன்றும் என்னிடம்தான். எங்கள் நான்கு வயது மகள் நோல்பா மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தாள். பில்மா எண்ணிப் பார்த்து, இருபத்தெட்டுதான், வெறும் சளி, வெந்நீர் கொடு என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மாத்திரை, பெற்ற பிள்ளைக்கு வெந்நீரா? திங்கள் மாலை தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்டது மூத்தவன் என்பதால் மாரே மூன்றாகவே கொடுத்தாள். ஒன்றை நோல்பாவுக்குக் கொடுத்தேன். இரண்டு என் சட்டைப் பையில் கிடந்தன.

நகரத்துக்குப் போகும் சாலை, பாலத்துக்குப் பக்கத்தில் மலை சரிந்து மூடிக் கிடந்தது. ஊசி மருந்துக்காக இரண்டு பேரை நடந்தே போகச் சொன்னாள் பில்மா. வியாழன் காலைக்கு முன் அவர்கள் திரும்ப வழியில்லை. அதுவரைக்கும் மூன்று வேளை மாத்திரை வேண்டும். மழைச் சேற்றில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நானும் கூடவே போனேன், சட்டைப் பையில் இரண்டை வைத்துக்கொண்டு. நான்கு வீட்டில் விழுங்கியாகிவிட்டது. கோலா என்ற கிழவி மட்டும் தன்னுடையதைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். பில்மா அதை வாங்கி, வழியிலேயே நின்று அழுதாள். இந்த ஊரில் இருபத்தோரு வருஷம் கத்தி என்ன கண்டேன் என்றாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வளைவு தாண்டியதும், ஒண்ணுக்குப் போவது போல் ஒதுங்கி, பிறகு ஓடி வந்து இரண்டையும் அவள் கையில் வைத்தேன். மேட்டு வீட்டில் தந்தார்கள் என்றேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தட்டு இன்னும் எனக்குக் கூசுகிறது.

சாயங்காலம் மாரேயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, முதல் மாத்திரையைக் கரண்டியில் பால் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். நோல்பா உள்ளே வந்து என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, பாக்கெட்ல இருந்த என் மாத்திரை எங்க?"

பில்மாவின் கை நிற்கவில்லை. கரைத்து முடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் அந்தோனுக்குப் புகட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

"எத்தனை?"

"மூணு. ஒண்ண அவளுக்குக் குடுத்துட்டேன்."

"இருபத்தெட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

அவ்வளவுதான். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு குழந்தை பக்கம் திரும்பிவிட்டாள். மாரே போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை ஊசி வந்தது. சனிக்கிழமை அந்தோனின் மூச்சு நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் புல்லில் உட்கார்ந்திருந்தபோது பில்மா எழுந்து நின்றாள்.

"இனிமே யார் கையிலயும் மாத்திரை தர மாட்டேன். காலைலயும் சாயந்தரமும் புள்ளையத் தூக்கிட்டு வாங்க. என் கண்ணு முன்னாடிதான் முழுங்கணும். என் புருஷன் வந்து கேட்டாலும் இதே சட்டம்தான்."

கூட்டம் சிரித்தது. மாரே மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆணியில் சாவி இல்லை. இப்போது அது அவள் கழுத்தில் தொங்குகிறது, தூங்கும்போதுகூட.