ஸ்பிரிங்காரரின் டம்ளர்

ஸ்பிரிங்காரர் வாழ்க்கையைத் தொடங்கியது சோபாவில். அதில் உட்கார்ந்து அல்ல, அதைக் கவிழ்த்துப் போட்டு. இருபது வயதில் ஒரு நாற்காலிக் கடையில் சோபாவுக்கு ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தவர், "இது ஒரே ரூம்லயே கிடந்து துருப்பிடிக்குது, நாலு ஊரைப் பார்க்கிற ஸ்பிரிங்கா இருந்தா நமக்கும் பெருமை" என்று வண்டிகளுக்குத் தாவினார். இப்போது வயது ஐம்பத்து மூன்று. சொந்தப் பட்டறை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய சுருள் ஸ்பிரிங்குகள் பட்டறையின் பின்சுவர் ஓரம் இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கும். பார்ப்பவர்களுக்கு அது இரும்புக் குப்பை. அவருக்கோ ஒவ்வொன்றும் தெரிந்த முகம். ஒன்றைக் கையில் எடுத்தால் கம்பி எத்தனை மில்லி என்று பார்ப்பார், சுற்றுகளை எண்ணுவார், முனை தட்டையாகத் தேய்த்ததா, சும்மா வெட்டி விட்டதா என்று விரலால் தடவுவார், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கம்பெனி வைத்த பெயிண்ட் பொட்டு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுவார். கடைசியில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "டீசல் பிக்கப். முன்பக்கம். சிமெண்டு மூட்டை சுமந்திருக்கு" என்பார். உள்ளதைச் சொன்னால், கம்பியும் சுற்றும் முனையும் பொட்டும் தொழில். காதில் வைத்துக் கேட்பது சுத்த வேஷம். ஆனால் வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தது அந்த வேஷத்துக்குத்தான்.

இவை எல்லாவற்றையும் விட அவர் நம்பியது ஒரு கண்ணாடி டம்ளரை. அதன் வயிற்றைச் சுற்றி அவரே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். ஸ்பிரிங் மாட்டி முடித்ததும் வண்டியின் முன் பம்பர்மேல் குறுக்கே ஒரு பலகை, பலகைமேல் டம்ளர், டம்ளரில் கோடு வரைக்கும் தண்ணீர். தண்ணீர் கோட்டைச் சுற்றிலும் ஒரே சீராகத் தொட்டால் வண்டி நேர். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். "மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் பொய் சொல்லும், தண்ணி சொல்லாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

பட்டறையைப் பற்றியும் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கை தவறி நட்டு, வாஷர், பேரிங் குண்டு எது விழுந்தாலும் தேடவே வேண்டாம். உள்ளே நுழைந்தால் இடது மூலையில் இருக்கும் பழைய ஆயில் டிரம்முக்கு அடியில் போய் அதுவாகவே நிற்கும். "மத்த பட்டறையில சாமானைத் தேடியே ஆயுசு போகுது. என் பட்டறைக்கு அப்படி ஒரு ராசி" என்பார். இதைச் சொல்லும்போது நாம் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்போம். யாரும் இல்லை.

எதிர்ச்சாரியில் இன்னொரு பட்டறை. அதன் முதலாளி இவரைவிடப் பத்து வயது இளையவர். தினமும் காலை பத்து மணிக்குத் தன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்து, "அண்ணே, டீ" என்று இரண்டு கையாலும் நீட்டுவார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. "தொழில்ல மூத்தவன்கிற மரியாதை" என்று ஸ்பிரிங்காரர் சர்க்கரை கலக்கிக்கொள்வார்.

குறை என்று யாருமே வரவில்லையா என்றால், வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே குறைதான்: வண்டி டிரைவர் பக்கம் சாய்கிறது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "டிரைவர் பக்கம்தானே சாயுது? வண்டி மேல தப்பில்ல. உடம்பைக் குறைங்க." பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் ஒருவர் ஆறு மாதம் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டார். எட்டு கிலோ குறைந்தது. வேன் அப்படியேதான் சாய்ந்தது. பிறகு அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று ஸ்பிரிங்காரர் நினைத்துக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், அவர் மனைவி ஒரு பழைய பிக்கப் வாங்கினார்.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். தெருவில் கேக்கம்மா என்றால்தான் தெரியும். பத்து வருஷம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வண்டியில் போய் இறங்கியவர், இப்போது ஓட்டப் பழகி, பின்னால் கூண்டு வைத்த பிக்கப்பைச் சொந்தமாக வாங்கிவிட்டார். முதல் பெரிய ஆர்டரும் வந்துவிட்டது. ஒரு கம்பெனியின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு மூன்றடுக்குக் கேக், சனிக்கிழமை காலை, நாற்பது கிலோமீட்டர். பிக்கப்போ முன்பக்கம் தொங்கிப்போய் மூக்கால் தரையை முகர்ந்துகொண்டு நின்றது.

"உங்களை நம்பித்தான் வாங்கினேன். வண்டி நேரா நிக்கணும். அவ்வளவுதான்" என்றார் கேக்கம்மா.

"யாருகிட்ட சொல்ற?" என்றார் ஸ்பிரிங்காரர்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பமானது. குவியலிலிருந்து ஏழு ஸ்பிரிங்குகளைப் பொறுக்கி, நிற்க வைத்து, மேலே பலகை போட்டு, ஒரே உயரத்தில் இரண்டை ஜோடி சேர்த்தார். பழைய ஸ்பிரிங்கில் இதுதான் பெரிய பாடு. ஒரே வண்டியில் பிறந்த இரண்டும் ஒரே மாதிரி அசந்து தளர்ந்திருக்காது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, புது ஜோடியைக் கிளாம்ப் போட்டு இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று இறுக்கி, நடுவே ஒரு சங்கிலியும் கட்டினார். அமுங்கிய ஸ்பிரிங் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கும் ஆள் மாதிரி. அதன் எதிரே நின்று பேசக்கூடாது, பக்கவாட்டில் நின்றுதான் பேச வேண்டும். முனை தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டம்ளரை வைத்தார்.

டிரைவருக்கு மறுபக்கம், அதாவது கிளீனர் பக்கம், இரண்டு விரல் இறக்கம்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எந்த வண்டிக்கும் அப்படித்தான் வரும். "ஓரத்துப் பள்ளத்துல விழுறது கிளீனர் பக்கச் சக்கரம்தானே, அந்தப் பக்கம்தான் முதல்ல அசரும்" என்று அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தார். கிளீனர் பக்கம் கொஞ்சம் உயரமான ஸ்பிரிங்காக மாற்றினார். தண்ணீர் கோட்டைச் சீராகத் தொட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

செவ்வாய்க்கிழமை கேக்கம்மா சோதனைக்கு ஒரு சின்ன கேக்கை ஏற்றிப் பத்து கிலோமீட்டர் சுற்றி வந்தார். கூண்டைத் திறந்தால் க்ரீம் முழுக்க டிரைவர் பக்கம் இறங்கி உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை வேறு ஜோடி, அதே டம்ளர், அதே வெளிச்சம். சாயங்காலம் அதே சாய்ந்த கேக். ஸ்பிரிங்காரர் இரண்டு நாளாக அடிபட்ட கேக்கை மட்டுமே தின்றுகொண்டிருந்தார். அவருக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் பதினோரு வருஷப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டது.

"டிரைவர் பக்கம்தானே சாயுது? வண்டி மேல தப்பில்ல..." என்றவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மீதியையும் சொல்லுங்க" என்றார் கேக்கம்மா.

"இல்ல... சீட்டு கொஞ்சம்..."

"சீட்டு மேல யாரு உட்காருறா?"

கேக்கம்மா கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிளாம்ப் போட்டு இறுக்கிய குரலில், "நாளைக்கு ஒரு நாள் டைம். நேரா நிக்கலைன்னா எதிர்ப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

சொந்தப் பெண்டாட்டியின் வண்டி எதிர்ப் பட்டறையில் நிற்பதா! அதன் பிறகு டம்ளராவது, காதில் வைத்துக் கேட்பதாவது? மறுபடி சோபாவுக்கே போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை கேக்கம்மா வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டார். அந்தப் பட்டறைக்குள் பதினோரு வருஷமாக எல்லா வண்டியும் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நுழைந்திருக்கிறது.

"ஏன் பின்னால எடுத்து விடுற?"

"சரியாகலைன்னா டக்குனு கிளம்பி எதிர்ப்பக்கம் போக."

அவர் பலகையைப் போட்டு டம்ளரை வைத்தார். நேற்று இதே இடத்தில், இதே ஸ்பிரிங்கில் அணு பிசகாமல் நின்ற தண்ணீர், இப்போது கோட்டை விட்டு டிரைவர் பக்கம் ஏறிக்கொண்டது. சாய்வு கொஞ்சநஞ்சமல்ல, டம்ளரே பலகையில் மெல்ல நகர்ந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்ததில் சட்டைப் பையிலிருந்த பேரிங் குண்டு ஒன்று கீழே விழுந்தது. உருண்டது. வண்டிக்கு அடியில் புகுந்து, டிரைவர் பக்கச் சக்கரத்தைத் தாண்டி, டிரம்முக்கு அடியில் போய் 'டிங்' என்று நின்றது.

இருவரும் டிரம்மைப் பார்த்தார்கள். "எல்லாம் அங்கதான் போகும். ராசி..." என்று தொடங்கியவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கேக்கம்மா டிரம்மை ஒரு பக்கம் பிடித்தார். இவர் மறுபக்கம் பிடித்தார். நகர்த்தினால், அடியில் கம்பி மூடி போட்ட ஒரு சாக்கடைத் துளை. பதினோரு வருஷத்தில் கைக்குச் சிக்காமல் போன நட்டும் வாஷரும் அதை அடைத்துக்கொண்டு கிடந்தன. முன்பு அந்தக் கட்டடம் துணி வெளுக்கும் கூடமாக இருந்தது என்று வாடகைக்கு விட்டவர் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் ஓடவேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஒருபோதும் பொய் சொல்லவில்லை. வண்டியைப் பற்றி அவர் கேட்டார், அது தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்போ ஊர்ல இருக்கிற வண்டி எல்லாம்..." என்றார் கேக்கம்மா.

"ஆமா."

"அந்த வேன்காரர் ராத்திரிச் சாப்பாடு..."

"போதும்மா" என்றார். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

சரியாகப் பத்து மணி. "அண்ணே, டீ" என்று எதிர்ப் பட்டறைக்காரர் வந்தார். நகர்ந்த டிரம்மையும் துளையையும் பார்த்ததும் பிளாஸ்க்கோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, உன் தரை சமமா?" என்று கேட்டார் ஸ்பிரிங்காரர். இதைக் கேட்க அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது அவருக்குத்தான் தெரியும். "இந்த வண்டியை ஒரு மணி நேரம் அங்க நிறுத்திக்கவா? சனிக்கிழமை இவளுக்கு ஆர்டர்."

"தாராளமா அண்ணே. ஆனா தரையை எல்லாம் இடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. இது இப்படியே இருக்கட்டுமே."

கேக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இங்கேருந்து சாய்ஞ்சு போற வண்டி பூரா எங்கிட்டதானே அண்ணி வருது?"

"பதினோரு வருஷமா ஏன் சொல்லலை?"

எதிர்ப் பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "மனசு உறுத்தத்தான் செஞ்சுது அண்ணி. அதான் டீ."

முதலில் சிரித்தது கேக்கம்மாதான். ஸ்பிரிங்காரருக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கையில் அந்த ஆளின் டீ இருந்தது. குடித்துவிட்டு வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், முதல் நாள் சேர்த்த அந்தச் சம உயர ஜோடியையே திரும்ப மாட்டினார். சனிக்கிழமை மூன்றடுக்குக் கேக் நாற்பது கிலோமீட்டர் போய், ஏற்றியது போலவே இறங்கியது. கூண்டுக்குள் கேக்குக்குப் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்து போனார், நம்பிக்கை இல்லாமல்.

அடுத்த வாரம் தரையைக் கொத்தி மட்டமாகப் போட்டார். பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கூலி இல்லாமல் ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தார். வேன்காரரிடம் மட்டும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். எதிர்ப் பட்டறையில் வண்டி குறைந்தது. ஒரு நாள் பத்து மணிக்கு டீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ ஸ்பேனரும் கையுமாக வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கேக்கம்மா பிக்கப்பில் வந்து பிளாஸ்க்கோடு இறங்கினார். அலமாரியிலிருந்து அந்தச் சிவப்புக் கோட்டு டம்ளரை எடுத்துக் கழுவி, புதுத் தரையில் வைத்து, கோடு வரைக்கும் டீயை ஊற்றினார். பிறகு முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார்.

"இப்போ குடிங்க" என்றார்.