நாடாவுக்கு அடியில் ஓர் ஊர்

உலக உருண்டை செய்யும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘நடுக்கோட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்பாதி ஒரு மேசையிலிருந்து வரும், கீழ்ப்பாதி இன்னொன்றிலிருந்து. இரண்டையும் பொருத்தி, ஒட்டுத் தெரியாமல் இடுப்பைச் சுற்றி மெல்லிய நாடாவை ஒட்டுவது அவள் வேலை. அந்த நாடாதான் நிலநடுக்கோடு. பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட முனை பிசகியதில்லை.

மகள் கல்யாணமாகிப் போன ஊர் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே அமைந்துவிட்டது. கீழ்ப்பாதியின் விளிம்பில் கடுகு எழுத்தில் பெயர் இருக்கும். நாளுக்கு நாற்பது தடவை தன் கையாலேயே அதை மூடுவாள். “இங்க வருஷம் பூரா ஆறு மணிக்கே இருட்டிடும்மா” என்று முதல் போனில் மகள் சொன்னாள். அப்புறம் வாரம் ஒரு போன், மாதம் ஒரு போன் என்று தேய்ந்தது.

ஒரே ஒரு உருண்டையிலாவது அந்தப் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் அந்த இடத்தில் மட்டும் நாடாவை நகக்கண் அளவு வெட்டி ஒட்டினாள்.

சூப்பர்வைசர் உருண்டையைச் சுழற்றிப் பார்த்து நிறுத்தினார். “என்ன நடுக்கோட்டம்மா, பூமிக்கே ஓட்டை போட்டுட்டீங்க?”

“மகளை எட்டிப் பாக்க ஜன்னல் வச்சிருக்காங்க சார்” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி இருந்துக்கிட்டு!”

நடுக்கோட்டம்மா குனிந்தபடியே அடுத்த உருண்டைக்கு நாடாவை எடுத்தாள். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். “சரி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இன்னொன்னு இப்படி வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

ஒற்றை அறை. கட்டிலுக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உருண்டையை வைத்தாள். அதில் யாராவது உட்கார்ந்து நாளாயிற்று. எப்போதும் போனுக்குக் காத்திருப்பவள், அன்று தானே போட்டாள்.

“உன் ஊரு இப்ப என் கண்ணு முன்னால இருக்குடி!”

“எந்த ஊரும்மா? ஐயோ, நாங்க அங்கருந்து கிளம்பி ஏழு மாசமாச்சே. உன் மாப்பிள்ளைக்குத் தலைநகருக்கு மாத்தலாயிடுச்சு. சொன்னேன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருப்ப. எனக்குத்தான் மறதி” என்றாள். அவளுக்கு மறதியே கிடையாது.

போனை வைத்துவிட்டு உருண்டையை மடியில் எடுத்துத் தேடினாள். நாடாவுக்கு இரண்டு விரற்கடை மேலே, தடித்த எழுத்தில் இருந்தது தலைநகர். நாடாவை அழுத்தும்போதெல்லாம் அவள் கட்டை விரலை ஊன்றுகிற இடம்.